தெருவிளக்குக் கதைக்கு ஒரு மறுப்பு

"பரீட்சைக்கே பயந்தா கோர்ட்ல எப்படிம்மா நிப்ப?"

சட்டம் படித்து முடித்துவிட்டுப் பார் தேர்வுக்கோ சிவில் நீதிபதித் தேர்வுக்கோ படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை ஒன்று, தூக்கம் வரவில்லை, படித்தது மனதில் நிற்கவில்லை, வீட்டில் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை என்று வாய் திறந்தால் போதும், இந்தக் கேள்வி வந்துவிடும். சீனியர்கள் கேட்கிறார்கள். பயிற்சி மையத்தில் கேட்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கூடக் கேட்கிறார். அழுத்தம் நல்லது, அது ஆளைப் புடம் போடும், தாங்காதவர்கள் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை என்பது எங்கள் தொழிலில் வேதவாக்கு மாதிரி ஆகிவிட்டது.

திருத்தணிப் பக்கத்தில் இருபது வருஷமாக வக்கீல் தொழில் பார்க்கிறவன் நான். என்னிடம் ஜூனியராக வந்தவர்களிடம் நானும் இதைச் சொல்லியிருக்கிறேன். அது தவறு. கடுமையான சொல் என்பதற்காகத் தவறு என்று சொல்லவில்லை. அது உண்மையே இல்லை.

என் ஊர் அம்மையார்குப்பம். பொதட்டூர்பேட்டையில் தொடங்கி ஆர்.கே.பேட்டை வரைக்கும் இந்த வட்டாரத்தில் நெசவை நம்பித்தான் அடுப்பு எரிகிறது. விசைத்தறி ஓடும் வீட்டில் ஒரு வார்த்தை பேசுவதென்றாலும் கத்தித்தான் பேச வேண்டும். அப்படி ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண் பட்டரைபெரும்புதூர் அரசு சட்டக் கல்லூரிக்குப் படிக்கப் போனாள். 1891இல் தொடங்கி உயர்நீதிமன்றத்தை ஒட்டியே இருந்துவந்த சென்னை சட்டக் கல்லூரியை 2018இல் பட்டரைபெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் பிரித்து மாற்றினார்கள். சென்னை மாணவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். நீதிமன்ற வாசலிலேயே படிக்கும் வாய்ப்பைப் பறிகொடுத்தவர்களின் வருத்தம் நியாயமானது. ஆனால் அதே மாற்றத்தால்தான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சட்டக் கல்லூரி பஸ் ஏறிப் போகும் தூரத்துக்கு வந்தது. அந்தப் பெண் அவள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. பக்கத்து வீடு என்பதால் என்னை மாமா என்று கூப்பிடுவாள்.

போன வருஷம் ஒரு நாள், "எப்பம்மா உக்காந்து படிக்கிற?" என்று கேட்டேன்.

"கரண்ட் போனாதான் மாமா."

தறி நின்றால்தான் அந்த வீட்டில் சத்தம் நிற்கும். தறி நின்றால் கூலியும் நிற்கும். அவளுக்குப் படிக்கக் கிடைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அப்பாவுக்குக் கூலி போகிற மணி நேரம். கரண்ட் சீக்கிரம் வரவேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, வரவே கூடாது என்று வேண்டிக்கொள்வதா என்று தெரியாமல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளிடம் போய், அழுத்தம் உன்னைப் புடம் போடும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த இடத்தில்தான் எங்கள் சீனியர்கள் முத்துசாமி ஐயரை இழுத்துக்கொண்டு வருவார்கள். தெருவிளக்கில் படித்து ஹைகோர்ட் ஜட்ஜ் ஆனவர். தமிழ்நாட்டில் சட்டம் படித்த யாரும் இந்தக் கதையைக் கேட்காமல் தப்பியதில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தில் அவர் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கும் பளிங்குச் சிலையும் இருக்கிறது. நானும் அதன் எதிரே நின்று கும்பிட்டிருக்கிறேன். ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். 1832இல் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, தகப்பனை இழந்து, மாதம் ஒரு ரூபாய்க்குக் கிராமக் கணக்கரிடம் கையாளாக இருந்த அந்தப் பையனை, முத்துசாமி நாயக்கர் என்ற தாசில்தார் கண்டெடுத்தார். நாகப்பட்டினம் மிஷன் பள்ளிக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். பிறகு சென்னைக்கு அனுப்பும்போது, பின்னாளில் திவானாகப் புகழ்பெற்ற மாதவராவுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அப்படி வளர்ந்தவர்தான் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக உட்கார்ந்தார். தெருவிளக்கு ஊரறிந்த கதை. தாசில்தாரை யாருக்குத் தெரியும்? தன் பையில் கைவிட்டு ஒரு பையனைத் தூக்கிவிட்ட மனிதரை மறைத்துவிட்டு, விளக்குக் கம்பத்தை மட்டும் நட்டு வைத்திருக்கிறோம். விளக்கைப் புகழ்வதற்குச் செலவு எதுவும் இல்லை. தாசில்தாராக இருப்பதற்குச் செலவாகும்.

எங்கள் தெருப் பெண்ணின் நிலையோ இன்னும் தலைகீழ். ஐயருக்கு விளக்கு எரிய வேண்டியிருந்தது. இவளுக்கு அணைய வேண்டியிருக்கிறது.

இப்போது புதிதாக இன்னொரு பெயரும் சேர்ந்திருக்கிறது. ஜவ்வாது மலையைச் சேர்ந்த பழங்குடிப் பெண் ஸ்ரீபதி, பிள்ளை பெற்ற சில நாளிலேயே சென்னைக்குப் போய்ச் சிவில் நீதிபதித் தேர்வு எழுதி, 23 வயதில் தேர்வானார். 2024 பிப்ரவரியில் நாடே கொண்டாடியது. கொண்டாட வேண்டிய சாதனைதான், அதில் எனக்கு ஒரு சொல் மறுப்பில்லை. ஆனால் அடுத்த நாளே அது சாட்டையாக மாறியது. "பச்ச உடம்போட அந்தப் பொண்ணு எழுதுச்சே, உனக்கு என்ன கேடு?" என்று வீட்டுக்கு வீடு கேட்டார்கள். ஸ்ரீபதியைப் பாராட்டி முதலமைச்சர் எழுதியதைப் படித்தவர்களுக்குத் தெரியும், அதில் கணவரையும் தாயையும் சேர்த்துத்தான் பாராட்டியிருந்தார். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் முன்னுரிமை தரும் ஆணையால் இது நடந்தது என்றும் சொல்லியிருந்தார். குடும்பம் தாங்கியது, சட்டம் கதவைத் திறந்துவைத்தது, அவர் தன் உழைப்பால் உள்ளே போனார். மூன்றும் சேர்ந்ததுதான் அந்தச் சாதனை. முதல் இரண்டையும் தராமல் மூன்றாவதை மட்டும் கேட்பது அநியாயம்.

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன். தேர்வு அழுத்தம் நீதிமன்ற அழுத்தத்துக்குப் பயிற்சி என்கிறார்களே, அது உண்மையா?

காந்தி லண்டனில் பாரிஸ்டர் தேர்வில் தேறி 1891இல் ஊர் திரும்பினார். குறிப்புகளை மட்டும் புரட்டித் தேறிவிடலாம் என்று மற்றவர்கள் இருக்க, அவர் மூலநூல்களையே வாங்கி மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்தவர். பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் முதல் வழக்கு. ஃபீஸ் முப்பது ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்தவருக்குத் தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வாயில் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார், பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். 'சத்திய சோதனை'யில் அவரே எழுதியிருக்கிறார். தேர்வு புடம் போட்டிருந்தால் இது ஏன் நடந்தது? பின்னால் பிரிட்டோரியாவில் தாதா அப்துல்லா என்ற வியாபாரியின் கணக்குப் புத்தகங்களோடு மல்லுக்கட்டியபோதுதான், அனுபவப்பட்ட வக்கீல்களின் கூடவே இருந்து, உண்மைகளைத் துருவுவதுதான் வக்கீல் வேலை என்று அவருக்குப் பிடிபட்டது.

என் அனுபவமும் இதுதான். நீதிமன்றத்தில் அழுத்தம் இருக்கிறது, இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அது வேறு ஜாதி அழுத்தம். சாட்சிக் கூண்டில் நிற்பவர் திடீரென்று மாற்றிச் சொல்லும்போது பதறாமல் அடுத்த கேள்வியைப் போட வேண்டும். காலையில் கேஸ் கூப்பிடும்போது சீனியர் வரவில்லையென்றால் என்ன சொல்லி வாய்தா வாங்குவது என்று தெரிய வேண்டும். பிராது நம்பர் ஆகாமல் திரும்பி வந்தால் எந்த வரியில் கோளாறு என்று பெஞ்ச் கிளார்க்கிடம் பக்குவமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டாவும் அடங்கலும் ஒத்துப்போகாத நிலத் தகராறில், எதிரே உட்கார்ந்து அழும் கிழவியிடம் உண்மையைப் பிடுங்க வேண்டும். இதெல்லாம் பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லிக் கொடுத்து வருவது. தவறினால் சீனியர் திட்டுவார், பிறகு டீ வாங்கித் தருவார், மறுநாள் திருத்திக்கொள்ளலாம். நான்கு விடையில் ஒன்றுக்கு வட்டம் போடும் தனிமையில், ராத்திரி இரண்டு மணிக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது இதற்கு எந்த வகையில் பயிற்சி ஆகும்?

இதைத் தெரிந்துதான் அந்தக் காலத்தில் சட்டம் எழுதினார்கள். 1961ஆம் வருஷத்து வழக்கறிஞர் சட்டத்தின் 24ஆவது பிரிவில், பதிவு செய்வதற்கு முன் பயிற்சி எடுக்க வேண்டும், அதன்பின் தேர்வு எழுத வேண்டும் என்று இருந்தது. 1973இல் திருத்தம் கொண்டுவந்து அதை எடுத்துவிட்டார்கள். 1995இல் பார் கவுன்சில் விதி போட்டுப் பயிற்சியைத் திரும்பக் கொண்டுவந்தது. 1999இல் சுதீர் வழக்கில் அந்த அதிகாரம் அதற்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு 2010இல் அறிவித்து, 2011 மார்ச்சில் முதல் அகில இந்தியப் பார் தேர்வு நடந்தது. 2023 பிப்ரவரி 10ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, சுதீர் தீர்ப்பு தவறு என்றும் பார் தேர்வு செல்லும் என்றும் சொல்லிவிட்டது. இந்த ஐம்பது வருஷத்தைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். பயிற்சியும் தேர்வும் சேர்ந்து இருந்த இடத்தில் இன்று தேர்வு மட்டும் நிற்கிறது. பயிற்சி கொடுக்கும் பொறுப்பு நிறுவனங்களின் தலையிலிருந்து இறங்கியது, பாரம் முழுக்க இருபத்து மூன்று வயதுப் பிள்ளையின் தலைக்கு மாறியது. அதற்குப் பெயர் தரக் கட்டுப்பாடு.

பார் தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காலவரம்பு தவறிய பிராதுகளால் நிலத்தை இழந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். வக்கீலுக்குத் தரம் வேண்டும் என்று என்னைவிட ஆத்திரமாகக் கேட்பவர் இருக்க முடியாது. ஆனால் அந்தப் பிராதுகளை எழுதியவர்களிலும் பார் தேர்வில் தேறியவர்கள் உண்டு.

"அது புத்தகத்தைப் பார்த்து எழுதுற பரீட்சைதானே, அதுக்கு என்னப்பா டென்ஷன்?" என்பது இன்னொரு வாதம். நூறு கேள்வி, மூன்றரை மணி நேரம். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் வரும். குறிப்பு எதுவும் எழுதாத பேர் ஆக்ட், அதாவது வெறும் சட்ட வாசகம் உள்ள புத்தகம் மட்டும் கொண்டுபோகலாம். எந்தச் சட்டத்தில் எந்தப் பக்கம் என்று விரலுக்குத் தெரியாதவர்களுக்கு அந்தப் புத்தகக் கட்டு வெறும் சுமை. 2023 முதல் தேர்ச்சி மதிப்பெண்ணை 40இலிருந்து 45 விழுக்காடாக உயர்த்தினார்கள். 2024 ஜூலை 1ஆம் தேதி இந்திய தண்டனைச் சட்டமும் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் ஒரே நாளில் போய், மூன்று புதுச் சட்டங்கள் வந்தன. 302 என்றால் கொலை, 420 என்றால் மோசடி என்று ஊர்ச் சிறுவர்களுக்குக்கூடத் தெரிந்த எண்கள் 103 என்றும் 318 என்றும் ஆயின. ஐந்து வருஷம் பழைய எண்ணில் படித்து முடித்த பிள்ளைகள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். வாங்கி வைத்திருந்த பேர் ஆக்ட்டுகள் எடைக்குப் போட்டால்தான் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதா என்ற பெயரை எங்கள் ஊரில் தடுக்காமல் சொல்லவே ஒரு வாரப் பழக்கம் வேண்டும். இதையெல்லாம் கடந்து எழுதப்போன 19ஆவது பார் தேர்வு, 2024 நவம்பர் 24 என்றார்கள், டிசம்பர் 1 என்றார்கள், கடைசியில் டிசம்பர் 22இல் நடந்தது. கட்டணம் பொதுப் பிரிவுக்கு 3,500 ரூபாய்.

நீதிபதித் தேர்வின் கதை இதைவிட மோசம். டிஎன்பிஎஸ்சி 2019இல் 176 இடங்களுக்குச் சிவில் நீதிபதி அறிவிப்பு வெளியிட்டது. அடுத்தது 2023இல், 245 இடங்களுக்கு. நடுவில் கிட்டத்தட்ட நாலு வருஷம். வயது வரம்பு உள்ள ஒரு தேர்வில் நாலு வருஷம் என்பது சிலருக்கு ஒரு வாய்ப்பு, சிலருக்கு ஒரு வாழ்க்கை. "அடுத்த வருஷம் வரும்" என்று சொல்லிச் சொல்லியே கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட பெண்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். இந்த அழுத்தத்துக்கும் சட்ட அறிவுக்கும் என்ன சம்பந்தம்? காலண்டர் ஒழுங்காக இருந்தால் பாதி அழுத்தம் அன்றைக்கே போய்விடும். கஷ்டமான கேள்வித்தாளைக் கொடுங்கள், படித்துவிட்டு வருவார்கள். எப்போது வரும் என்றே தெரியாத தேர்வுக்கு எந்தப் பிள்ளை எத்தனை வருஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்?

"கேள்வித்தாள் எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்பார்கள். திருத்தணி மலைக்கு 365 படி. ஆடிக் கிருத்திகையன்று காவடி தூக்கிக்கொண்டு ஏறுகிறவர்களைப் பார்த்து நானும் கண் கலங்கியிருக்கிறேன். அதே மலைக்குக் கார் போகும் ரோடும் இருக்கிறது. சாமி ஒன்றுதான். வக்கீல் வீட்டுப் பிள்ளை அப்பாவின் லைப்ரரியில் உட்கார்ந்து, ஏசி அறையில் இரண்டு வருஷம் வேறு வேலையில்லாமல் படிக்கிறது. தறி வீட்டுப் பிள்ளை தார் சுற்றிக் கொடுத்துவிட்டு, ரேஷன் கடைக்குப் போய்வந்து, கரண்ட் போகும்வரை காத்திருக்கிறது. ரோட்டில் ஏறி வந்தவர்கள் மேலே நின்றுகொண்டு படியின் மகிமையைப் பேசுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதிலும், காவடி எடுப்பவருக்காவது வழியெல்லாம் மோர்ப் பந்தல் போடுகிறோம்.

மொழியும் இப்படித்தான். இலங்கையில் சட்டக் கல்லூரித் தேர்வுகளை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்தும் விதியை 2023 மார்ச்சில் நாடாளுமன்றமே நிராகரித்தது. தமிழிலும் சிங்களத்திலும் படித்தவர்களின் வாசலை அடைக்கும் விதி அது என்று அங்கே உரக்கப் பேசினார்கள். நாமோ தமிழ்வழிச் சட்டக் கல்வியைக் கொடுத்துவிட்டு, சட்டத்தைப் பற்றிய நல்ல புத்தகங்களையெல்லாம் ஆங்கிலத்திலேயே வைத்திருக்கிறோம். எங்கள் எல்லைப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளியில் தமிழ் படித்து, கல்லூரியில் ஆங்கிலத் தீர்ப்புகளைத் தடவும் பிள்ளைகள் நிறைய. ஒரு பத்தியை மூன்று தரம் படித்தால்தான் புரிகிறது என்றால் அது மூளைக் குறை இல்லை.

2025 மே 20ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்று வருஷ வக்கீல் அனுபவம் வேண்டும் என்று மறுபடி கட்டாயமாக்கியது. 2002இல் எடுத்த விதி திரும்பிவந்தது. மனப்பாடத்தைவிட அனுபவம் பெரிது என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டதாக நான் இதை எடுத்துக்கொள்கிறேன், வரவேற்கிறேன். ஆனால் அந்த மூன்று வருஷம் அந்தப் பெண் எதைச் சாப்பிடுவாள்? 2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், ஜூனியர்களுக்குப் பெரிய நகரங்களில் மாதம் 20,000, மற்ற இடங்களில் 15,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விடும்படி பார் கவுன்சிலுக்குச் சொன்னது. அதே வருஷம் அக்டோபரில் இந்தியப் பார் கவுன்சிலும் அப்படியே பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஜூனியருக்குக் கிடைப்பது பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும்.

"தாலுகா கோர்ட் வக்கீலுக்கே வருமானம் இல்ல, ஜூனியருக்கு எங்கேருந்து குடுக்கிறது?" என்று நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். உண்மைதான், எல்லா சீனியராலும் முடியாது. அப்படியென்றால் பொதுப் பணத்திலிருந்து கொடுங்கள். ஜப்பானில் பார் தேர்வில் தேறியவர்களுக்குப் பயிற்சிக் காலத்தில் அரசு பணம் தருகிறது. இடையில் நிறுத்திப் பார்த்து, 2017இல் மறுபடி கொண்டுவந்தார்கள். அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில், தேர்வுக்குப் பதிலாக மேற்பார்வையில் வேலை செய்து, அந்த வேலையையே மதிப்பிடக் கொடுத்து வக்கீலாகும் வழியை 2024இல் தொடங்கிவிட்டார்கள். அங்கெல்லாம் நீதிமன்றங்கள் இடிந்து விழவில்லை. இங்கே பதிவுக் கட்டணத்தையே எப்படி ஏற்றி வைத்திருந்தோம் என்று பாருங்கள். சட்டத்தில் இருப்பது 750 ரூபாய். கேரளாவில் 20,050, ஒடிசாவில் 42,100 என்று வசூலித்தார்கள். 2024 ஜூலை 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தலையிட்டு, சட்டத்தில் உள்ளதற்கு மேல் ஒரு காசு வாங்கக் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. வாசலில் வசூலிக்கத் தெரிந்த எங்களுக்கு, உள்ளே வந்தவர்களைத் தாங்கத் தெரியாதா?

தூக்கம் வராத பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களிடம் "தைரியமா இரு" என்று சொல்வதை நிறுத்துங்கள். அவர்களுக்கு இருக்கும் தைரியம் நம்மில் பலருக்கு இல்லை. சாப்பிடவில்லை, பேசவில்லை, வாழ்ந்து என்ன என்கிறாள் என்றால் பரீட்சையை ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பார் தேர்வை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்று விதியே இருக்கிறது.

என் அலுவலக அறை சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் சும்மாதான் கிடக்கும். அதில் ஒரு மேஜை, நான்கு நாற்காலி, இரண்டு பீரோ சட்டப் புத்தகம். இருபது வருஷம் பூட்டியே வைத்திருந்தேன். இந்தத் தை மாதம் ஒரு சாவி அதிகமாகச் செய்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். முதல் வாரம் தனியாக வந்தாள். இப்போது பொதட்டூர்பேட்டையிலிருந்து இரண்டு பேரும், ஒரு பையனும் கூட வருகிறார்கள். ஒருவர் கேள்வி கேட்க மற்றவர்கள் பிரிவு எண்ணோடு பதில் சொல்கிறார்கள். தப்பாகச் சொன்னால் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புச் சத்தத்தை அவள் வீட்டில் நான் கேட்டதில்லை. கடைசி பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது விளக்கை அணைத்து, பூட்டி, சாவியை எதிர் டீக்கடையில் கொடுத்துவிட்டு ஓடுகிறார்கள்.